கிட்டங்கியை கார் பார்க்கிங் ஆக்கக் கிளம்பிய கதை

மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கிட்டங்கி இருக்கிறது. 60 அடி அகலம், 110 அடி நீளம். தாத்தா காலத்தில் மிளகாய் வத்தலும் மல்லியும் அடுக்கிய இடம். சரக்கையெல்லாம் ரிங் ரோட்டுப் பக்கம் மாற்றிய பிறகு சும்மாதான் கிடந்தது. “அடுக்குமாடி கார் பார்க்கிங் கட்டிருவோம்டா, மீனாட்சி புண்ணியத்துல கூட்டம் தானா வரும்” என்று ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. வெளியூர்க் கார்கள் மாசி வீதிகளில்தான் இடம் தேடி அலைகின்றன. எனக்கும் சரியென்றே பட்டது.

முதலில் போன இன்ஜினீயர் ஆறு மாடிக்குப் படம் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது ஆள் படத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. “கோயில் கோபுரம் உங்க மொட்டைமாடியிலிருந்து தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது. 1997-லிருந்தே இருக்கிற ஆணை. தரைத்தளம், மேலே இரண்டு, அவ்வளவுதான். முதல் படத்துக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

அடுத்தது ரேம்ப், அதாவது வண்டி மாடிக்கு ஏறுகிற சரிவுப் பாதை. எட்டு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறலாம், அதற்கு மேல் செங்குத்தாகக் கூடாது. 3 மீட்டர் ஏற 24 மீட்டர் நீளம் வேண்டும். சாக்பீஸால் கிட்டங்கித் தரையில் கோடு போட்டு, சித்தப்பாவை அதன்மேல் நடக்கச் சொன்னேன். பின்சுவரை நெருங்கும்போது நின்று திரும்பிப் பார்த்தார். “முக்கால்வாசி எடம் ஏறுறதுக்கே போயிருச்சேடா!”

ஒரு கார் நிற்க 5-க்கு 2.5 மீட்டர் போதும். ஆனால் உள்ளே வர, திரும்ப, வெளியே போக என்று சேர்த்தால் கூரையடியில் ஒரு காருக்குச் சுமார் 28 சதுர மீட்டர் என்பதுதான் திட்டக்காரர்கள் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்களுக்குத் தளத்துக்கு 21 கார் வர வேண்டும். ஒடுக்கமான மனையில் அதுவும் வரவில்லை. மாற்றி மாற்றி வரைந்தும் 14-ஐத் தாண்டவில்லை. நிலத்துக்குக் கீழே போகலாம் என்றால், பக்கத்து வீட்டின் சுண்ணாம்புக் காரைச் சுவர் எங்கள் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறது. அதற்கடியில் தோண்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை, எனக்கும்தான்.

ஒரே ஒரு நல்ல செய்தி: தளத்தின் பலம். கார் நிற்கும் தளத்தைவிட மூட்டை அடுக்கும் தளத்துக்குத்தான் அதிக பலம் வேண்டுமாம். கார் பார்க்கத்தான் பெரிது, பாதிக்கு மேல் காற்று என்றார் இன்ஜினீயர்.

இதற்குப் பிறகுதான் தெருவில் உட்கார்ந்து எண்ணுவோம் என்று தோன்றியது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அரை மணிக்கு ஒரு தடவை, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கடைசி நாலு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றில் அதே எண் இருந்தால் அதே வண்டி. முதல் முயற்சி சித்திரைத் திருவிழா நேரத்தில் மாட்டிக்கொண்டது. தேர் சுற்றுகிற வீதியில் என்னத்தை எண்ணுவது? வைகாசியில் மறுபடி போனேன். ஒரு சாதா நாள், ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாள். டீக்கடை பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே கடைக்காரத் தம்பி வந்து காதில் சொன்னான்: “அண்ணே, ஃபைன் போட வந்த ஆளுன்னு நெனச்சு ரெண்டு பேரு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாய்ங்க.” எண்ண வந்தவனே கணக்கைக் கெடுத்தேன். அப்புறம் நோட்டை செய்தித்தாளுக்குள் மறைத்துக்கொண்டேன்.

நோட்டு சொன்ன கதை வேறு. காலையில் நின்ற கார்களில் பாதிக்கு மேல் ராத்திரி வரை அசையவில்லை. எல்லாம் கடை முதலாளிகள் கார். வாசலில் சும்மா நிற்கிற காரை யார் காசு கொடுத்து நம்மிடம் விடுவார்கள்? ஆளை மாற்றி மாற்றி வந்ததெல்லாம் டூவீலர்தான். விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க வந்தவர்கள், மளிகை வாங்க வந்தவர்கள், அரை மணி, ஒரு மணி. ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்து பைக் தாராளமாக நிற்கும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பல வருஷமாக சைக்கிள் ஸ்டாண்ட் நடத்துகிறவரைப் போய்ப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குத் தனி டோக்கன் போடச் சொன்னார், சண்டையே அதில்தான் வருமாம். மாடி என்றதும் உதட்டைப் பிதுக்கினார். “பின்னால பிள்ளைய வச்சுக்கிட்டு, முன்னால பையை மாட்டிக்கிட்டு வர்ற ஆளு எட்டுக்கு ஒண்ணு ஏத்த மாட்டாருண்ணே. கீழயே எடம் கேப்பாரு.”

அதனால் இப்போதைய படத்தில் தரைத்தளத்தில் பெரும்பகுதி டூவீலர், முதல் மாடியும் டூவீலர்தான், ரேம்ப் பன்னிரண்டுக்கு ஒன்று. அந்த நீளத்துக்கு நடுவில் ஒரு திருப்பம் போட வேண்டியிருக்கிறது. இரண்டாவது மாடி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கார் ஆறோ ஏழோ, வாசலை ஒட்டி, சித்தப்பா மனசுக்காக. ஆறு மாடிப் படத்தை அவர் இன்னும் பீரோவில் சுருட்டி வைத்திருக்கிறார்.