ஒரே கோப்புக்கு நான்கு பெயர்கள்

ஒரு சேவை தன் அமைப்புக் கோப்பை எத்தனை முறை திறக்கிறது என்று எண்ண வேண்டியிருந்தது. லினக்ஸில் ஒரு சின்ன பிபிஎஃப் நிரல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதி, கோப்பைத் திறக்கும் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் விடுக்கும் கோரிக்கை) வரும்போதெல்லாம் அதற்குக் கொடுத்த பாதையை அச்சிட வைத்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் போனது.

வந்த வரிகளில் /தரவு/வேலை/அமைப்பு இருந்தது, ./அமைப்பு இருந்தது, ../வேலை/அமைப்பு இருந்தது, ஒரு சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) வழியாக /இப்போது/அமைப்பு என்றும் இருந்தது. நான்கும் ஒரே கோப்பு. சில வரிகளில் பாதையே காலி! சேவை கொடுத்த பாதைச் சரம் அதன் சொந்த நினைவகத்தில், அதாவது பயனர் நினைவகத்தில் இருக்கிறது. சிஸ்டம் கால் நுழையும் நேரத்தில் அந்த நினைவகப் பக்கம் இன்னும் ஏறியிருக்காவிட்டால், அதை ஏற்றும் வரை பிபிஎஃப் நிரல் காத்திருக்காது. சிஸ்டம் கால் முடிந்து திரும்பும்போது படித்ததும் காலி வரிகள் போய்விட்டன. ஆனால் நான்கு பெயர்கள் நான்காகவே இருந்தன.

சரி, பயனர் சொன்னதை விட்டுவிட்டு, கெர்னல் உண்மையில் திறந்த கோப்பையே கேட்கலாம் என்று சோதனைக் கெர்னலில் சொந்தமாக ஒரு டிரேஸ் ஈவென்ட் (நடப்பதைப் பதிவு செய்யும் புள்ளி) சேர்த்தேன். கோப்பின் பாயிண்டரை (நினைவக முகவரியை) மட்டும் சேமித்து, அச்சிடும் இடத்தில் பெயரை எடுத்தேன். இது சரியான முட்டாள்தனம். பதிவுகள் சேரும் டிரேஸ் பஃபரை நாம் படிப்பது எப்போதோ. அதற்குள் அந்தக் கோப்பு மூடப்பட்டு நினைவகம் வேறொன்றுக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட பாயிண்டர்களைக் கெர்னலே சோதித்து எச்சரித்திருந்தது. பூட் ஆகும்போது ஓடிய அந்த எச்சரிக்கையை நான்தான் படிக்கவில்லை. நிகழ்வு நடக்கும் கணத்திலேயே பெயரைச் சரமாக நகலெடுத்த பிறகு குப்பை வருவது நின்றது.

ஆனால் கெர்னலின் அச்சு வடிவக் குறி கடைசிப் பெயரை மட்டும் தரும். கேட்டால் அதிகபட்சம் நான்கு அடுக்கு. போதாது என்று நானே பெற்றோர் அடைவுகளை ஒவ்வொன்றாக ஏறிப் பாதையைக் கட்டினேன். /வேலை/அமைப்பு என்று வந்தது. /தரவு எங்கே? அது தனி மவுண்ட், அதாவது அந்த இடத்தில் இணைத்த வேறொரு கோப்பு முறைமை. பெற்றோர் சங்கிலி அந்தக் கோப்பு முறைமையின் வேரோடு முடிந்துவிடும். மவுண்டைத் தாண்டி ஏற, கோப்போடு சேர்ந்து இருக்கும் மவுண்ட் விவரமும் வேண்டும்.

அதையெல்லாம் செய்ய டி-பாத் என்ற ஃபங்ஷன் கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. அது பாதையைப் பஃபரின் கடைசியிலிருந்து தலைப்பக்கமாக நிரப்பி, பாதை தொடங்கும் இடத்தைத் திருப்பித் தரும். நான் பஃபரின் தலையிலிருந்து படித்து, ஒரு மாலை முழுவதும் வெற்று எழுத்துகளை முறைத்துக்கொண்டிருந்தேன்.

5.10 கெர்னலிலிருந்து பிபிஎஃபிலும் இதே வசதி உண்டு, அனுமதிக்கப்பட்ட சில ஃபங்ஷன்களில் மட்டும். கோப்பு திறப்புக்கான பாதுகாப்பு ஹூக் (திறக்கும்போது அனுமதியைச் சோதிக்கும் ஃபங்ஷன்) அந்தப் பட்டியலில் இருந்ததால் சொந்த ஈவென்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது நான்கு பெயர்கள் ஒன்றாகின.

அப்புறம் அதே சேவையைக் கண்டெய்னரில் (தனக்கென வேர் அடைவு உள்ள பிரிக்கப்பட்ட சூழலில்) ஓட்டினேன். மறுபடி இரண்டு பெயர்கள். டி-பாத் பாதையைக் கணக்கிடுவது அந்த நேரத்தில் ஓடும் செயல்முறையின் வேரிலிருந்து. உள்ளே இருப்பவருக்கு /வேலை/அமைப்பு, வெளியே இருப்பவருக்கு /தரவு/வேலை/அமைப்பு. இரண்டுமே சரி, அதுதான் எரிச்சல். அழிக்கப்பட்ட கோப்பென்றால் பாதையின் வாலில் அடைப்புக்குறிக்குள் 'அழிக்கப்பட்டது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். அதே வாலோடு ஒருவர் உண்மையிலேயே கோப்புக்குப் பெயர் வைத்தால் பிரித்தறிய வழியில்லை.

கடைசியில் எண்ணுவதற்குப் பாதையை நம்புவதை விட்டேன். ஒவ்வொரு வரியிலும் சாதன எண், ஐநோடு எண் (கோப்பு முறைமை கோப்புக்குத் தரும் எண்), பிறகு பாதை. எண்ணிக்கை முதல் இரண்டை வைத்து. பாதை மனிதக் கண்ணுக்கு. கோப்புப் பெயரில் சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதுவும் வரலாம் என்பதால், இடைவெளியையும் புதுவரியையும் \040, \012 என்று எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாக மாற்றி அச்சிடுகிறேன். பெயருக்குள் புதுவரி வைத்த ஒரு கோப்பு என் பதிவை இரண்டாக உடைத்த பிறகுதான் இதைச் சேர்த்தேன்.

ஒரு வழியாக எண்ணியும் முடித்தேன். சேவை அந்தக் கோப்பை ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு முறை திறந்துகொண்டிருந்தது.