பினாங்கிலிருந்து மெல்பர்னுக்கு வளர்ப்பு முத்து அனுப்பியபோது

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குச் சின்ன நகைப்பட்டறை. தங்க வேலைதான் அதிகம். மெல்பர்னில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் தஹிதி கறுப்பு முத்தும் சீன நன்னீர் முத்தும் கேட்டபோதுதான் முத்து ஏற்றுமதிக்குள் முதன்முதலாக இறங்கினேன். இதில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

"இன்வாய்ஸ்ல ஏஏஏ தரம்னு போட்டுடுங்கம்மா" என்றார் அவர். நான் சம்மதிக்கவில்லை. உலகம் முழுவதும் செல்லுபடியாகும் ஒரே தர அளவுகோல் முத்துக்குக் கிடையாது. ஏஏஏ என்பது விற்பவர் தாமாகவே வைக்கும் பெயர். தஹிதியில் ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள், அங்கே ஏ தான் உச்சம். ஏஏஏ வழக்கத்திலோ ஒற்றை ஏ கடைசி வரிசை. ஒரே எழுத்தை வாங்குபவர் ஒரு விதமாகவும் நாம் ஒரு விதமாகவும் படித்தால் சண்டைதான் வரும். அதனால் ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் சொல்லும் ஏழு அம்சங்களை ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தாளில் எழுதினேன்: அளவு, வடிவம், நிறம், பளபளப்பு, மேற்பரப்பு, முத்துப்படலம், ஒன்றோடொன்று பொருந்தும் தன்மை. வேலை கூடுதல்தான். ஆனால் "நீங்க சொன்னது வேற, வந்தது வேற" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

படலத்தின் கனம் முக்கியம். தஹிதி முத்துக்கு உள்ளே சிப்பி ஓட்டில் செய்த மணி இருக்கும், அதன் மேல் படியும் படலம்தான் விலை. குறைந்தது 0.8 மி.மீ. இருக்க வேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் ஏற்றுமதி விதியாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எங்களிடம் எக்ஸ்ரே இல்லை. துளையிட்ட முத்துகளைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்துத் துளையின் வாயைப் பார்த்தால், மணிக்கும் படலத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். படலம் மெலிந்திருந்தவற்றை ஒதுக்கினோம். நன்னீர் முத்தில் பெரும்பாலும் மணியே கிடையாது, அங்கே கேள்வி சாயம். கறுப்பு என்று விற்கப்படும் நன்னீர் முத்து அநேகமாக நிறம் ஏற்றியதுதான். துளை ஓரத்தில் சாயம் திரண்டு நிற்பது அதே லென்ஸிலேயே தெரியும். அந்தச் சரங்களுக்கு நேராக 'வளர்ப்பு முத்து, சாயம் ஏற்றியது' என்று எழுதினேன். 'வளர்ப்பு' என்ற சொல்லையும் சாயம் போன்ற செயற்கை மாற்றங்களையும் மறைக்கக் கூடாது என்பது சிப்ஜோ என்ற உலக நகைக் கூட்டமைப்பின் நெறி. தூத்துக்குடியில் 1973லேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். உயிருள்ள சிப்பிக்குள் விளைந்த பொருளுக்கு 'வளர்ப்பு' என்ற பெயரால் எந்தக் குறையும் இல்லை.

அடுத்து கே2 பாரம், அதாவது ஏற்றுமதிக்கான சுங்க அறிவிப்பு. நாங்கள் அமர்த்திய ஏஜென்ட் பையன் முதல் வரைவில் எச்எஸ் எண்ணை, அதாவது சரக்கு எந்த வகை என்று காட்டும் சுங்க எண்ணை, 7117 என்று போட்டிருந்தான். அது கவரிங் நகைக்கான எண்!

"அப்படிப் போட்டா சீக்கிரம் போயிடும்க்கா. மதிப்பையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

"வழியில சரக்கு காணாமப் போனா இன்சூரன்ஸ்காரன் எந்த மதிப்பைப் பார்ப்பான், தம்பி?"

பிறகு இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். முத்துக்கு எச்எஸ் எண் 7101. வேலை செய்யாத வளர்ப்பு முத்து 7101.21, வேலை செய்தது 7101.22. துளையிட்டாலே அது வேலை செய்ததாகிவிடும். கொண்டுசெல்லும் வசதிக்காகத் தற்காலிகமாக நூலில் கோத்தால் 7101தான். கொக்கி மாட்டி மாலையாக்கினால் 7116க்குப் போய்விடும். அதில் தங்கம் சும்மா பேருக்கு என்றில்லாமல் கணிசமாக இருந்தால் 7113. ஒரே முத்து, ஒரு கொக்கியில் தலைப்பே மாறுகிறது. கொக்கியை மெல்பர்னிலேயே மாட்டிக்கொள்வதாக வாங்குபவர் ஒப்புக்கொண்டது இதனால்தான்.

பிறப்பிடச் சான்றிதழில் இன்னொரு இழுபறி. மலேசியா என்று போட்டால் அங்கே வரி குறையுமா என்று கேட்டார். தரம் பிரித்து நூலில் கோத்ததால் மட்டும் சரக்கு மலேசியப் பொருளாகிவிடாது. பிரெஞ்சு பொலினீசியா (தஹிதி இருக்கும் பகுதி), சீனா என்று விளைந்த இடத்தையே எழுதி, நாங்கள் வாங்கிய பில்களின் நகலையும் இணைத்தோம்.

பொதி கட்டுவதில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். முத்தின் கடினம் மோஸ் அளவில் 2.5 முதல் 4.5 வரைதான், உலோகம் உரசினாலே கீறல் விழும். சரம் சரமாக மெல்லிய துணியில் சுற்றினோம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஒரு கேள்விகூட எழாமல் சரக்கு விமானம் ஏறியது. அடுத்த ஆர்டரில் தங்கக் கொக்கியோடு மாலையாகவே கேட்கிறார். வகைப்பாட்டைச் சுங்கத்துறையிடமே முன்கூட்டி எழுத்தில் கேட்டுத் தீர்ப்பு வாங்கும் வழி மலேசியாவில் இருக்கிறது. மாதிரி மாலையின் எடை விவரங்களோடு அதற்கான விண்ணப்பத்தை இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறோம்.