சதவீத அதிகரிப்பு: எதனால் வகுப்பது?

சாதாரண தரக் கணிதத்தில் சதவீத அதிகரிப்பு இலகுவான கணக்கு என்றே பெயர். ஆயினும் கிளிநொச்சியில் நான் பரீட்சைக்குப் படித்த காலத்திலும், பின்னர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்த காலத்திலும் கண்டது, புள்ளிகள் பறிபோவது கழித்தலிலோ பெருக்கலிலோ அல்ல, எந்தப் பெறுமானத்தால் வகுப்பது என்று தீர்மானிக்கும் இடத்திலேயாகும். புதியதிலிருந்து பழையதைக் கழித்து, அந்த வித்தியாசத்தைப் பழையதால் வகுத்து, 100 ஆல் பெருக்க வேண்டும்.

ஏக்கருக்கு 80 புசல் விளைந்த வயல் அடுத்த காலபோகத்தில் 100 புசல் தந்தால் அதிகரிப்பு 20/80, அதாவது 25%. மறு ஆண்டு வெள்ளத்தால் விளைச்சல் மீண்டும் 80 ஆனால், குறைந்ததும் அதே 20 புசல்தான். ஆனால் இப்போது பழைய பெறுமானம் 100 என்பதால் குறைவு 20% மட்டுமே.

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டதை எடுத்துக்கொண்டால், 2/34 என்பதை முதலில் 1/17 எனச் சுருக்க வேண்டும். 17 ஐ 6 ஆல் பெருக்க 102 வருவதால், விடை 6 இலும் சற்றுக் குறைவு, அண்ணளவாக 5.9% என்பது கல்குலேட்டர் இல்லாமலே தெரிந்துவிடும். (இது ஆழத்தின் அதிகரிப்பு மாத்திரமே, குளம் மேலே செல்லச் செல்ல விரிவதால் கொள்ளளவின் அதிகரிப்பை இதைக்கொண்டு சொல்ல முடியாது.)

மாணவர்களை அதிகம் குழப்புவது, கொடுக்கப்பட்ட பெறுமானங்களே சதவீதங்களாக இருக்கும் கணக்கு. 2024 ஜனவரி 1 அன்று பெறுமதி சேர் வரி 15% இலிருந்து 18% ஆனபோது, கடைத்தெருவில் எல்லோரும் வரி 3% கூடியது என்றே பேசினார்கள். உண்மையில் கூடியது 3 சதவீதப் புள்ளிகள். வரி வீதத்தின் அதிகரிப்போ 3/15, அதாவது 20%. அதே வேளை, வரிக்கு முன் 100 ரூபாவான பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை 115 இலிருந்து 118 ஆகிறது. அந்த அதிகரிப்பு 3/115, அண்ணளவாக 2.6%. மூன்றும் சரியான விடைகள் என்பதால், வினா எதன் அதிகரிப்பைக் கேட்கிறது என்பதை அடிக்கோடிட்ட பின்னரே எழுதத் தொடங்குமாறு நான் வற்புறுத்துவேன்.

பழைய பெறுமானத்தைக் கேட்கும் வினாவிலும் இதே கவனம் வேண்டும். 20% அதிகரித்த பின் விலை 1440 ரூபா எனில், 1440 இன் 20% ஐக் கழிப்பது பிழை. பழைய விலையின் 120% தான் 1440 ஆகையால் 1440 ஐ 120 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்க, 1200 ரூபா கிடைக்கும். அதன் 20% ஆகிய 240 ஐக் கூட்டிப் பார்த்து விடையை உறுதிசெய்ய அரை நிமிடமும் ஆகாது.