பாசூரிலிருந்து ஊஞ்சலூர் வரை, வாய்க்கால் கரையோடு

பாசூர் ஸ்டேஷனில் இறங்கியது நானும் மாமாவும் மட்டும்தான். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. மாமா தோளில் துண்டு, கையில் தூக்குப்போசி. அதில் அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறு. ஈரோட்டிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் எங்களை விட்டுவிட்டுக் கரூர் பக்கம் போனதும், தூரத்தில் எங்கோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மாமா என் அம்மாவின் தம்பி. எழுபத்து நாலு வயது. காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்து வெள்ளாமை செய்தவர். "கரையோட ஊஞ்சலூர் வரைக்கும் நடக்கலாமுங்களா மாமா?" என்று போனில் கேட்டபோது, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வெயிலுக்கு முந்திக் கிளம்போணும் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இந்த ஆசை வந்தது இங்கிலாந்தில். போன வருடம் ரெடிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை ரயிலில் கோரிங் என்ற ஊருக்குக் கூட்டிப் போனாள். தேம்ஸ் ஆற்றுக்கு இந்தக் கரையில் கோரிங், எதிர்க்கரையில் ஸ்ட்ரீட்லி. நடுவில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே நடந்து, காட்டுச் சரிவு ஒன்றில் ஏறி இறங்கி, விட்சர்ச் என்ற சிற்றூர் வழியாகப் பாலத்தைக் கடந்து பாங்பர்ன் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பாலத்தில் காருக்குச் சுங்கம் உண்டு, நடந்து போகிறவருக்குக் கிடையாது. அங்கே மறுபடி ரயில். நான்கு மைல்தான், ஆனால் நின்று நின்று பார்த்து அரை நாளாகிவிட்டது. வழியெல்லாம் கம்பங்களில் ஓக் மரக் கொட்டையின் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. தேம்ஸ் நெடுக 300 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு நடைபாதையை 1996-இல் திறந்திருக்கிறார்கள். ஒருவருடைய மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே பாதை போகிறது. கதவைத் திறந்து, உள்ளே போய், மறக்காமல் சாத்திவிட்டு நடக்கலாம். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

நடக்க நடக்க எனக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரின் இட்டேரிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம். பள்ளி லீவில் அதில் ஓடாத நாள் இல்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மாமாவைக் கூப்பிட்டேன்.

காளிங்கராயன் வாய்க்கால் பவானிக்கூடலுக்குச் சற்று முன்பே, பவானி ஆற்றின் அணைக்கட்டில் கிளம்புகிறது. தொண்ணூறு கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையாபாறையில் முடிகிறது. பாண்டியர் ஆட்சியில் அதிகாரியாக இருந்த காளிங்கராயன் வெட்டி, 1283-இல் முடித்ததாகச் சொல்வார்கள். எழுநூறு வருடத்துக்கு மேலாகியும் இதே தண்ணீரில்தான் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைகின்றன. ஈரோட்டு நகருக்குள் சாயமும் தோல் கழிவும் பட்டு இந்த வாய்க்கால் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பகுதியில் நடக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பாசூர்.

கரையைப் பிடித்ததும் மாமா முன்னால் போனார். கரை வண்டி போகும் அகலம். தண்ணீர் சத்தமே இல்லாமல் எங்கள் கூடவே வந்தது. ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான், எனக்கு மூச்சே வாங்கவில்லை என்று கவனித்தேன். மாடிப்படி ஏறினாலே மூட்டு வலிக்கும் எனக்கு. மாமாவிடம் சொன்னேன்.

"தண்ணி மேடு ஏறாது கண்ணு. அது போற தடத்துலதான் நாமளும் போறோம். உனக்கு எப்படி மூச்சு வாங்கும்?"

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை ஒன்று உண்டு. ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டியது, அந்தத் தடத்திலேயே வெட்டியதால்தான் வாய்க்கால் இப்படிக் கோணல் மாணலாகப் போகிறது என்பார்கள். அதைக் காலால் நடந்து பார்த்தபோது வேறு மாதிரி புரிந்தது. தெற்குப் பார்த்து நடக்கிறோம். இடது கைப் பக்கம் நிலம் காவிரியை நோக்கிச் சரிகிறது, கண்ணுக்கு எட்டியவரை பச்சை. வலது கைப் பக்கம் மேட்டாங்காடு, பனையும் வேலாமரமும் சோளத்தட்டும். நேராக வெட்டியிருந்தால் தூரம் வெகுவாகக் குறைந்திருக்கும், ஆனால் தண்ணீர் சீக்கிரமே பள்ளத்துக்கு இறங்கியிருக்கும். இறங்கவிடாமல் மேட்டு ஓரத்தையே பிடித்து, வளைந்து வளைந்து கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால்தான் வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் உள்ள வயல்களுக்குத் தண்ணீர் தானாகவே பாய்கிறது. கம்ப்யூட்டர் இல்லை, லெவல் பார்க்கும் கருவி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் நிலத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தபடியே நடந்தேன்.

சொந்த லாபத்துக்காக வெட்டினான் என்று ஒரு பேச்சு கிளம்பியதாம். என் வம்சத்தில் யாரும் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, காளிங்கராயன் பொள்ளாச்சி பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டாராம். மாமா இதைச் சொல்லும்போது நடையை நிறுத்திவிட்டார். தை ஐந்தாம் தேதி காளிங்கராயன் நாளன்று வாய்க்காலில் பூப்போட்டுக் கும்பிடுவது அவர் வழக்கம். இந்த வருடமும் போட்டாராம்.

ஒரு மதகைத் தாண்டியதும் மஞ்சள் காடு. வைகாசி, ஆனியில் ஊன்றியது. தழையை முன்பே அறுத்துவிட்டார்கள். ஆறேழு பேர் குனிந்து கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொத்தை மண்ணோடு பெயர்த்து, தரையில் இரண்டு தட்டு. மண் உதிர்ந்ததும் நடுவில் உருண்டையாகத் தாய்க்கிழங்கு, அதைச் சுற்றிக் கைவிரல் மாதிரி விரலி மஞ்சள். என் வயதுள்ள ஒரு பெண் ஒரு விரலியை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே மண் நிறம், ஒடித்த இடத்தில் ஆரஞ்சுப் பழ நிறம், நடுவில் மெல்லிய ஒரு வளையம். பச்சை மஞ்சளின் அந்த வாசனையில் கொஞ்சம் மாங்காயும் உண்டு, கொஞ்சம் ஈர மண்ணும் உண்டு. இதை வேகவைத்து, வாரக்கணக்கில் காயப்போட்டு, பாலீஷ் போட்டு ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால்தான் காசு. 2019-இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அந்தப் பெண் "எந்த ஊருங்க்கா?" என்று கேட்டார். அப்புச்சி ஊர்ப் பேரைச் சொன்னேன். "அட, நம்மூருதானுங்களா!" என்று இன்னொரு விரலியும் கொடுத்தார்.

ஊஞ்சலூர் நெருங்கும்போது கரையை விட்டு இறங்கினோம். அங்கேதான் அந்தப் பழைய இட்டேரி. பாதி தூரம் அப்படியே இருக்கிறது. கிளுவை வேலி, அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும், உள்ளே செண்பகப் பறவை ஒன்று தத்திக்கொண்டிருந்தது. கீழே புழுதியில் உடும்பு போன தடம். மறு பாதியில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். தடமும் ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. அங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. இங்கிலாந்தில் 1949-இல் ஒரு சட்டம் போட்டு, மக்கள் நடக்கும் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஏறிய பாதையை யாரும் தன் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. நம் கிராம வரைபடத்திலும்தான் வண்டிப்பாதை இருக்கிறது. அதைப் பார்த்து, கல் நட்டு, கிளுவைப் போத்து ஊன்றி வைக்க ஒரு பஞ்சாயத்து மனசு வைத்தால் போதும். கிளுவைக்குத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை, ஒடித்து நட்டால் துளிர்த்துவிடும்.

காவிரிக் கரைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. படித்துறையில் உட்கார்ந்து போசியைத் திறந்தோம். புளிச்சோறும் கொத்தவரங்காய் வத்தலும். எதிர்க்கரை நாமக்கல் மாவட்டம், தென்னந்தோப்பு மட்டும் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு மாமா கேட்டார்.

"அந்தூர் ஆத்துல எறங்கிக் குளிச்சியா கண்ணு?"

"இல்லீங்க மாமா. கரையிலயே நடந்துட்டு வந்துட்டோம்."

மாமா ஒன்றும் சொல்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். நானும் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு படி இறங்கி நின்றேன். கையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தேன், போகவில்லை.