குரூப் எடுக்குறதுக்கு முன்னாடி கணக்க பத்தி ஒரு முடிவுக்கு வாங்க

பத்தாவது ரிசல்ட் வந்தா மார்க் ஷீட் பிரிண்ட் எடுக்க எங்க கடைக்கு ஒரு கூட்டம் வரும். பிரிண்ட்ட கையில வாங்கிட்டு பாதி பேரு கெளம்ப மாட்டாங்க, "தம்பி, +1ல எந்த குரூப்ல சேக்கலாம்?"னு அங்கயே நின்னுருவாங்க. நான் வாத்தியார்லாம் கிடையாது, பழனி பக்கத்துல ஒரு பிரௌசிங் சென்டர் வச்சிருக்கேன், அவ்வளவுதான். ஆனா இன்னைக்கு பத்தாவது மார்க் ஷீட் எடுக்க வர்ற அதே புள்ளைங்கதான் ரெண்டு வருஷம் கழிச்சு கவுன்சிலிங் ஃபார்ம் போடவும் இங்க வருதுங்க, அதனால எந்த குரூப் எடுத்தவங்க எங்க போய் முட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு ஓரளவு பாத்துட்டேன். கேக்குறவங்ககிட்ட சொல்றத இங்க எழுதி வச்சுடறேன், அடுத்த தடவை லிங்க் அனுப்பிட்டா வாய் வலிக்காது.

மொதல்ல ஒண்ணு. முடிவெடுக்க வேண்டியது குரூப்ப பத்தி கிடையாது, கணக்க பத்தி. மேத்ஸ் வச்சுக்கறதா விடறதா? இந்த ஒரு கேள்விக்கு பதில் வந்துட்டா மிச்சம் தன்னால வந்துரும். ஏன்னா +1ல கணக்க விட்டவங்களுக்கு சில கதவு நேரா அடைஞ்சு போகுது. பி.இ., பி.டெக், பி.ஆர்க், ஜேஇஇ எழுதி ஐஐடி என்ஐடி போறது, என்டிஏல, அதான் ராணுவ அதிகாரிங்களுக்கு பயிற்சி குடுக்குற அகாடமி, நேவி ஏர்ஃபோர்ஸ் பக்கம் போறது, இதுக்கெல்லாம் +2ல மேத்ஸ் கேப்பாங்க. பியூர் சயின்ஸ் எடுத்துட்டு, அதான் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பாட்டனி ஜுவாலஜி, ரெண்டு வருஷம் கழிச்சு வந்து "அண்ணா, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் போட முடியுமா"ன்னு கேட்ட பொண்ணுகிட்ட முடியாதும்மான்னு சொல்றது எனக்கே சங்கடமா இருந்துச்சு. பத்தாவதுல கணக்குல 58 எடுத்துச்சாம், வீட்ல எல்லாரும் சேந்து "உனக்கு கணக்கு வராது"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. 58 எடுத்தா கணக்கு வராதுன்னு யாரு சொன்னது? பரீட்சை அன்னைக்கு காய்ச்சலா இருந்திருக்கலாம், வாத்தியாரே இல்லாத ஸ்கூலா இருந்திருக்கலாம். நெசமாவே கணக்குன்னா ராத்திரி தூக்கம் வராத புள்ளைய கட்டாயப்படுத்தி தள்ளாதீங்க, அதுவும் நாசம்தான். ஆனா ஒரே ஒரு மார்க்க வச்சு ஒரு பாடத்தையே தலைமுழுகுறதுக்கு முன்னாடி புள்ளைய கொஞ்சம் கேட்டுப் பாருங்க.

டாக்டரா இன்ஜினியரான்னு ஊசலாடுற வீடுங்களுக்கு பயோ மேத்ஸ், அதான் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரியோட பயாலஜியும் மேத்ஸும். பாடம் அதிகம், முதுகு ஒடியும், ஆனா ரெண்டு பக்கமும் வழி இருக்கும். நீட்டுல சீட் கிடைக்கலன்னாலும் நர்சிங், பாராமெடிக்கல், கால்நடை மருத்துவம் எல்லாம் +2 மார்க்க வச்சே நம்ம ஸ்டேட்ல போகலாம், வேணாம்னா இன்ஜினியரிங் இருக்கு. இதுல ஒரு மூடநம்பிக்கை ஊர் பூரா சுத்திக்கிட்டு இருக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கணும்னா +1லயே கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்கணும்னு. அப்படி ஒரு ரூலே கிடையாது. பயோ மேத்ஸ் படிச்ச பையன் சிஎஸ்இ போலாம், தாராளமா போலாம். கம்ப்யூட்டர் குரூப்ல +1ல சி பிளஸ் பிளஸ், +2ல பைத்தான் சொல்லித் தர்றாங்க, நல்ல விஷயம்தான், காலேஜ் முதல் வருஷம் கொஞ்சம் ஈசியா இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு, பயாலஜி பக்கம் போகவே மாட்டேன்னு தெளிவா இருக்குற புள்ளைக்கு சும்மா கௌரவத்துக்கு பயோ மேத்ஸ் வாங்கிக் குடுக்குறதும் தப்பு, தவளை படம் வரைஞ்சே அதுக்கு கணக்கு போடுற நேரம் போயிரும்.

அடுத்து கட் ஆஃப், அதான் காலேஜ் சீட் குடுக்க +2 மார்க்க வச்சு போடுற கணக்கு. இது +2 முடிச்சப்புறம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, +1 சேர்ற அன்னைக்கே தெரியணும். இன்ஜினியரிங்குக்கு மேத்ஸ் 100 அப்படியே, பிசிக்ஸ் பாதி, கெமிஸ்ட்ரி பாதி, ஆகமொத்தம் 200க்கு. தமிழ், இங்கிலீஷ், நாலாவது பாடம் எதுவும் கட் ஆஃப்ல வராது. ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு பையன் தமிழ் 97, இங்கிலீஷ் 95, கம்ப்யூட்டர் 98, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 84, மேத்ஸ் 79. மொத்தம் 535. பக்கத்து வீட்டு பையன் தமிழ் 80, இங்கிலீஷ் 72, கம்ப்யூட்டர் 85, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 88, மேத்ஸ் 96. மொத்தம் 511. தெருவுல சாக்லேட் குடுத்தது 535 வீடு. கட் ஆஃப் போட்டுப் பாத்தா அவனுக்கு 162, இவனுக்கு 185. இவன் நல்ல காலேஜ்ல கேட்ட கோர்ஸ்ல உக்காந்துருவான், அவங்கப்பா என் கடையில உக்காந்து "535 தம்பி, 535"ன்னு திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டு இருப்பாரு. கால்நடைக்கு இதே கணக்குதான், மேத்ஸ் இடத்துல பயாலஜி 100. நம்ம புள்ள போகப் போற கோர்ஸுக்கு எந்தெந்த பாடம் எடைக்கு ஏறுதுன்னு பாத்து டியூஷன் காசு போடணும். தமிழ விட்டுருங்கன்னு சொல்லல, 35 வாங்கலன்னா பாஸே கிடையாது.

+1 பாடத்த பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்லணும். 2017-18லதான் +1க்கு பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க, அதுக்கு காரணமே நெறைய ஸ்கூல்ல +1 பாடத்த தொடாம ரெண்டு வருஷமும் +2 பாடத்தையே உருப்போட வச்சதுதான். இப்ப 2025-26லேர்ந்து அந்த பொதுத்தேர்வ எடுத்துட்டாங்க. புள்ளைங்களுக்கு ஒரு வருஷம் மூச்சு விட நேரம் கிடைச்சுதுன்னு சந்தோஷம்தான், ஆனா பழைய பழக்கம் திரும்ப வந்துருமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உதறல். எங்க பக்கம் ஒரு தனியார் ஸ்கூல் முன்னாடி இதையேதான் பண்ணுச்சு, +1 புக்க அட்டை போட்டு வச்சதோட சரி, காலாண்டு வர்றதுக்குள்ள +2 புக்க கையில குடுத்துட்டாங்க. அங்க படிச்ச என் சித்தி பையன் +2ல மேத்ஸ்ல 95க்கு மேல. காலேஜ் போனா முதல் செமஸ்டர்லயே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் பேப்பர், லிமிட்டு, டிஃபரன்சியேஷன் எல்லாம் +1 புக்ல ஆரம்பிக்கிற சமாச்சாரம், அது இவனுக்கு தெரியவே தெரியாது. அரியர். நீட், ஜேஇஇ எழுதுறவங்களுக்கு இன்னும் மோசம், ரெண்டுலயும் +1 பாடமும் +2 பாடமும் சேந்துதான் வருது. ஸ்கூல் சேக்கும்போது பஸ் இருக்கா ஏசி இருக்கான்னு கேக்குறத விட "+1 பாடத்த டிசம்பர் வரைக்கும் நடத்துவீங்களா"ன்னு கேளுங்க, அங்க ஏற்கனவே படிக்குற புள்ளைங்ககிட்டயும் வெளிய வச்சு ஒரு வார்த்தை கேளுங்க.

இப்ப சொல்லப் போறது கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு, இதத்தான் நிறைய பேருக்கு போய் சேரணும்னு நெனைக்கிறேன். பத்தாவதுல 470, 480ன்னு எடுத்துட்டா போதும், தனியார் ஸ்கூல்காரங்க வீட்டுக்கே வந்துருவாங்க, ஃபீஸ் வேணாம், ஹாஸ்டல் ஃப்ரீ, யூனிஃபார்ம் ஃப்ரீன்னு. அம்மா அப்பாவுக்கு கண்ணுல தண்ணி வந்துரும். கொஞ்சம் நில்லுங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020லேர்ந்து இருக்கு, 2021ல அத இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் கொண்டு வந்துட்டாங்க, அந்த கோட்டால சீட் கிடைச்சா படிப்பு செலவையும் ஹாஸ்டல் செலவையும் கவர்மென்டே கட்டுது. +1ல அந்த ஃப்ரீ ஸ்கூலுக்கு போன நிமிஷம் இதெல்லாம் போச்சு. ரெண்டு வருஷ ஃபீஸ மிச்சம் புடிக்கிறோம்னு நாலு வருஷ ஃபீஸையும் ஒரு நல்ல காலேஜையும் விடுறோம். பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபா, அதுக்கும் எங்க படிச்சோம்ங்கறத பாப்பாங்க. கவர்மென்ட் உதவி பெறும் ஸ்கூல் விஷயத்துல குழப்பிக்காதீங்க, 7.5க்கு அது கணக்குல வராது. உங்க ஊரு கவர்மென்ட் ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு டீச்சரே இல்லன்னா அது வேற கதை, அப்பவும் பக்கத்து டவுன்ல இருக்குற மாடல் ஸ்கூல், பெரிய கவர்மென்ட் ஸ்கூல்னு விசாரிச்சுட்டு அப்புறம் தனியார் பக்கம் போங்க.

காமர்ஸ். "மார்க் கம்மி, அதனால காமர்ஸ்"ன்னு சொல்ற வாய மூடணும். சென்னை கோயம்புத்தூர்ல பேரு வாங்குன காலேஜ்ல பி.காம் சீட் கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும். சிஏ பண்ணணும்னா அதோட மொதல் பரீட்சையான ஃபவுண்டேஷன்ல நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் 40, மொத்தத்துல 50 சதவீதம் வேணும், அதுல ஒரு பேப்பர் கணக்கும் புள்ளியியலும்தான், அதனால காமர்ஸ் எடுக்குறவங்க முடிஞ்சா பிசினஸ் மேத்ஸ் இருக்குற குரூப்பா பாருங்க. அக்கௌன்டன்சி பிடிச்சு எடுக்குற பொண்ண "சயின்ஸ் எடுத்திருக்கலாம்ல"ன்னு கல்யாண வீட்ல நிக்க வச்சு கேக்குற மாமாங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. சட்டம் படிக்க எந்த குரூப்னாலும் ஓகே. கவர்மென்ட் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எழுதவும் அப்படித்தான், டிகிரிதான் முக்கியம், குரூப் 4க்கு பத்தாவதே போதும்.

பாலிடெக்னிக்க யாரும் யோசிக்கறதே இல்ல. மெஷின கழட்டி மாட்டுறதுலயே சந்தோஷப்படுற பசங்க இருக்காங்க, அவங்கள ரெண்டு வருஷம் மனப்பாடம் பண்ண வைக்கறதுக்கு பதிலா பத்தாவது முடிச்சதும் மூணு வருஷ டிப்ளமோ சேத்து விடலாம், நல்லா படிச்சா பி.இ. ரெண்டாவது வருஷத்துல நேரா போய் உக்காரலாம். என் கடைக்கு எதிர்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கற அண்ணன் அவர் பையன அப்படித்தான் சேத்துருக்காரு, பையன் லீவுல வந்தா அப்பாவுக்கே டிராயிங் போட்டுக் காட்டுறான்.

கடைசியா பேப்பர் சமாச்சாரம், இது என் ஏரியா. கம்யூனிட்டி சர்ட்டிபிகேட், வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் +2 ரிசல்ட் வர்ற வாரத்துல ஓடாதீங்க, அப்ப தாலுகா ஆபீஸ்ல எல்லா ஃபைலும் ஒரே டேபிள்ல கெடக்கும். முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்ல ஒருத்தருக்குத்தான், அக்கா ஏற்கனவே வாங்கியிருந்தா தம்பிக்கு கிடைக்காது. கேரளாவுல பெங்களூருல வேலை பாத்துட்டு நடுவுல ஊருக்கு வந்தவங்க கவனிங்க, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்ல படிக்கலன்னா இருப்பிடச் சான்று கேப்பாங்க. ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல் இருந்தா இப்பவே மாத்திருங்க. அப்புறம் ஃபோன் நம்பர், அப்ளிகேஷனுக்கு என் கடை நம்பர போடாதீங்க, பக்கத்து வீட்டு அண்ணன் நம்பரையும் போடாதீங்க, உங்க வீட்ல நெரந்தரமா இருக்குற நம்பர் ஒண்ண குடுத்து கவுன்சிலிங் முடியற வரைக்கும் ரீசார்ஜ் பண்ணி வைங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும், ஒதுக்குன சீட்ட ஏத்துக்கிறோமா, லிஸ்ட்ல மேல போட்ட சாய்ஸுக்கு நகரணுமான்னு சொல்றதுக்கு அவங்க குடுக்குற கெடு ரொம்ப சின்னது.