அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

சேலத்தில் நாங்கள் மாதச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில், ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு அலமாரி அட்டையில் 198 ரூபாய் போட்டிருந்தது. பில்லில் 216. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. 240. "காலையில்தான் கம்ப்யூட்டரில் விலை ஏற்றினார்கள் அக்கா, அட்டை மாற்றவில்லை" என்றார் கல்லாவில் இருந்த பெண். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மேலாளரோ, "எம்.ஆர்.பி.க்குள்தானே மேடம் போட்டிருக்கிறோம்?" என்று பேச்சை முடித்தார்.

இதைக் கேட்டதும் பலர் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பு. அதற்குள் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் கடைக்காரர் பாடு. சேலத்து மொத்த விலைச் சந்தையான லீ பஜாரில் விலை ஏறி இறங்காத நாள் உண்டா? ஆனால் ஒரு விலையை எழுதி வைத்துவிட்டு அதற்கு மேல் வசூலிப்பது வேறு விஷயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடையில் வைத்த விலைப்பட்டியலுக்கு மேல் வாங்கினாலும் புகார் செய்யலாம்.

உள்ளே திரும்பிப் போய் அட்டையும் பாக்கெட்டும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தேன். அட்டையில் பொருளின் பெயரும் அளவும் படிக்கும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "அது பக்கத்துப் பொருளின் விலை" என்பார்கள். பில்லையும் படம் எடுத்துக்கொண்டேன். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். கடை முகவரி, பில் எண், தேதி, தொகை எல்லாம் கேட்டார்கள். எம்.ஆர்.பி. மீறல் என்று பதியப் பார்த்தவரிடம், இது அதுவல்ல என்று பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. ஏற்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ, அச்சிட்ட விலையை மறைத்து அதிக விலை ஸ்டிக்கர் ஒட்டினாலோ அது எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றும் கேட்டார்கள். கூடுதலாக வாங்கிய 18 ரூபாய் திரும்ப வேண்டும், அட்டையைத் திருத்த வேண்டும் என்றேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது.

கடையிலிருந்து போன் வந்தது. "பதினெட்டு ரூபாய்க்காகவா மேடம்?" பதினெட்டு ரூபாய்க்காகத்தான். எழுத்தில் வந்த பதிலில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்றிருந்தது. விலை குறையும்போது இந்தக் கோளாறு வந்து நான் பார்த்ததில்லை. பணம் திரும்பி வந்தது. அட்டையிலும் 216 என்று மாற்றிவிட்டார்கள். அது அவர்கள் உரிமை.

1915 தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. கடையிடம் பேசிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். கடை மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும்.