ஸ்பேனர் இல்லாம மாத்துற ராக்

மாடுலர் ராக், அதாவது தட்டை வேணுங்கிற உயரத்துக்கு மாத்தி மாத்தி மாட்டிக்கிற ராக், வேணும்னு கேட்டு வர்ற கடைக்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மனசுல ஓடுறது "சூப்பர்மார்க்கெட் மாதிரி இருக்கணும்" அவ்ளோதான். நான் முதல்ல கேக்குறது வேற, தீபாவளி முடிஞ்ச மறுநாள் இந்தத் தட்டையெல்லாம் ஏத்தி இறக்கப் போறது யாருன்னு கேப்பேன். கடைப்பையன்னு பதில் வந்தா வேலைய ஆரம்பிக்கலாம். ஆசாரியக் கூப்பிட்டுத்தான் மாத்தணும்னா அதுக்குப் பேரு மாடுலரே இல்லைங்க, காசு அதிகமாப் போட்டு செஞ்ச அலமாரி.

இப்ப கும்பகோணத்துல ஒரு பித்தளைக் கடைக்கு வேலை முடிச்சிருக்கேன், குத்துவிளக்கு, பாத்திரம், கொஞ்சம் தஞ்சாவூர் பொம்மை. அந்தக் கடையோட வருசத்தப் பாத்தீங்கன்னா ஏன் இப்படிக் கேக்குறேன்னு புரியும். பொங்கலுக்கு வெண்கலப் பானை முன்னால வரணும், முகூர்த்த மாசம் வந்தா சீர்வரிசைக்கு ஜோடி ஜோடியா விளக்கு, நவராத்திரிக்கு பொம்மை, கார்த்திகைக்கு சின்ன அகல்விளக்கா ஒரு சுவர் பூரா வேணும். அதாவது 18 இன்ச் உயரம் கேக்குற சரக்கும் 4 இன்ச்ல முடிஞ்சு போற சரக்கும் அதே இடத்துல மாறி மாறி உக்காருது. தட்டு நகரலைன்னா சின்ன விளக்குக்கு மேல பதினாலு இன்ச் காத்துதான் இருக்கும், காத்த யாரு வாங்குவா.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச மாடுலர்னா அது துளை போட்ட ஆங்கிள்தான், எல் வடிவத்துல மடிச்ச இரும்புப் பட்டை, கொலுப்படிக்குக் கூட இப்ப அதைத்தான் போடுறாங்க. லண்டன்ல அச்சகம் நடத்திக்கிட்டு இருந்த டிமெட்ரியஸ் கோமினோங்கிறவர் 1947ல டெக்சியன்னு கம்பெனி போட்டு வித்தது இது, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு மேசை, ஒரு அலமாரின்னு செஞ்சு செஞ்சு ஒடைச்சுப் போடுற வேஸ்ட் பொறுக்காம யோசிச்சது. நல்ல சாமான், குடோனுக்கு இன்னிக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனா ஒரு தட்டை ரெண்டு இன்ச் ஏத்தணும்னா எட்டு போல்ட்டு கழட்டணும், நாலு பேரு புடிக்கணும், ஒரு நட்டு உருண்டு ராக்குக்கு அடியில போயிரும். அதனால எந்தக் கடையிலயும் ஒருதடவ மாட்டுனது மாட்டுனதுதான், நீங்களே போய்ப் பாருங்க, ஆங்கிள் ராக் வச்ச கடையில பத்து வருசமா தட்டு அதே உயரத்துலதான் இருக்கும்.

1960ல டீட்டர் ராம்ஸ் டிசைன் பண்ண 606 ஷெல்விங், இன்னமும் வித்துக்கிட்டு இருக்காங்க, அதுல சுவத்துல ஒரு அலுமினியத் தண்டவாளம், தட்டை ஒரு பின்னை வச்சு மாட்டுறதோட சரி, ஸ்பேனர் கிடையாது. விலைய விடுங்க, நமக்கு வேண்டியது அந்த யோசனை. கடைக்கு வர்ற கோண்டோலா ராக்கும், சூப்பர்மார்க்கெட்ல பாக்குறது, அதே வழிதான், தூண்ல வரிசையா ஸ்லாட்டுன்னு வெட்டுன துளை, தட்டைத் தாங்குற பிராக்கெட்டுல கொக்கி, தூக்கி மாட்டி கீழ தட்டுனா உக்காந்துரும்.

ஸ்லாட் இடைவெளிதான் மொத்த விஷயமே. ரெடிமேட்ல 50 மிமீ பொதுவா வரும், மளிகைக்கு அது சரி. சின்ன விளக்கு வைக்கிற எடத்துல 50 பத்தாது, ஒரு ஸ்லாட் இறக்குனா இடிக்குது, ஏத்துனா வெறிச்சோடுது, அதனால துவாக்குடி பக்கம் லேசர் கட்டிங்ல குடுத்து 25 மிமீக்கு ஒண்ணா போட்டேன். ஸ்லாட் நெருங்குனா தூணோட பலம் கொறையும், அதுக்கு தூண் செய்யற இரும்பு ஷீட்ட ஒரு கேஜ், அதாவது தடிமன் அளவுல ஒரு படி, தடியாக்கணும், இதை மட்டும் கணக்குல விட்றாதீங்க. இன்னொன்னு, எல்லாத் தூண்லயும் முதல் ஸ்லாட் ஒரே மட்டத்துல ஆரம்பிக்கணும். பழைய கும்பகோணம் கடைகள்ல தரை வாசல்ல இருந்து உள்ள போகப் போக ரெண்டு இன்ச் வரைக்கும் ஏறி இறங்கும், தரையில இருந்து அளந்தா அம்புட்டும் கோணல். டியூப் லெவல், அதாவது தண்ணி ரொப்புன குழாய், போட்டு சுவத்துல ஒரு கோடு அடிச்சுக்கிட்டு, அந்தக் கோட்டுல இருந்து கீழ அளந்து, ஒவ்வொரு தூண் அடியிலயும் திருகுற லெவலிங் போல்ட்டு வச்சேன். ரசமட்டம் ஒரு தட்டுக்கு சரி, இருபத்திரண்டு அடிச் சுவத்துக்கு டியூப் லெவல்தான்.

அகலத்துக்கு வர்றேன். எல்லாரும் 900 மிமீ கேப்பாங்க, மூணு அடி, கேக்க முழுசா இருக்கும். ஆனா பிளைவுட் வர்றது எட்டுக்கு நாலு, அதாவது 2440க்கு 1220. தட்டு 800க்கு 300னு வச்சா ஒரு ஷீட்டுல நீளவாக்குல மூணு, அகலவாக்குல நாலு, மொத்தம் 12 தட்டு, ரம்பம் தின்னுறது போகவும் மிச்சம் விழுறது ஒரு சின்ன ரிப்பர்தான். 900னா எப்படித் திருப்பி அடுக்குனாலும் 10தான் வருது. அதோட தட்டு தொங்குறதும் இருக்கு, ஒரே சீரா சரக்கு அடுக்குனா தொங்கல் அகலத்தோட நாலாம் மடிக்குத் தகுந்த மாதிரி ஏறும், 800ஐ 900 ஆக்குனா தொங்கல் 1.6 மடங்கு, அதையே 1600 ஆக்குனா 16 மடங்கு. தடிமன் விஷயத்துல மூணாம் மடி, பாதி தடிமன்ல பலகை போட்டா எட்டு மடங்கு தொங்கும். நாலு இன்ச் அகலம் கூடத்தானேன்னு சொல்றவங்ககிட்ட இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். அந்த 22 அடிச் சுவத்துல எட்டு பே, ரெண்டு தூணுக்கு நடுவுல வர்ற ஒரு பகுதிக்குப் பேரு பே, பக்கத்து பக்கத்து பேக்கு நடுவுல ஒரே தூண், ஆக ஒம்போது தூண், மிச்சம் ரெண்டு விரக்கடை, அதுல கரண்டு வயர் போயிருச்சு.

வெயிட்டு எவ்ளோன்னு கடைக்காரரக் கேட்டா "நெறைய இருக்கும் தம்பி"ம்பார். ஆனா பித்தளைய எடை போட்டுத்தானே விக்கிறாங்க, தராசு கல்லா பக்கத்துலயே கெடக்கு. ஒரு தட்டுல வர்றதை அப்படியே எடுத்து நிறுத்திப் பாத்து, அதை ரெண்டால பெருக்கித்தான் பிராக்கெட் போட்டோம். பித்தளை இரும்ப விடக் கனம், மளிகைக்குப் போட்ட ராக்க வாங்கி இதுக்கு வச்சுராதீங்க. சுவரு பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரு, டிரில் போட்டா மாவா உதிருது, சுவத்துல இறுக்குற ஆங்கர் போல்ட்டு புடிக்காது. அதனால எடை பூரா தூண் வழியா தரைக்கு, சுவத்தோட மேல்பக்கம் ஒரு கட்டு மட்டும், அது ராக் முன்னால சாயாம இருக்க.

கீழ்த்தட்டு தரையில இருந்து நாலு இன்ச் மேல. வெள்ளம்னு மட்டும் நெனைக்காதீங்க, நம்ம பக்கம் கடை தொறந்ததும் தண்ணி தெளிச்சு கழுவி விடுறாங்கல்ல, தினம் தினம் ஈரம், வெள்ளத்தை விட அதுதான் பிளைவுட்டைத் தின்னுது. அப்புறம் கரையான். கீழ ரெண்டு தட்டும் ஷீட் மெட்டல், மேலதான் பிளை, அதுவும் ஈரம் தாங்குற ஐஎஸ் 710 மெரைன் பிளை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடைன்னா வெறும் பவுடர் கோட்டிங் நம்பாதீங்க, ஸ்லாட் விளிம்புல கோட்டிங் மெலிசா விழும், கொக்கி உரசி உரசி அங்கதான் துரு தொடங்கும், உப்புக்காத்துக்கு துத்தநாகம் பூசி கால்வனைஸ் பண்ண ஷீட்டே வாங்குங்க.

இங்க கடைக்காரருக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். காலேஜ்ல படிக்கிறப்ப பொருளைச் சுத்தி எடம் விடு, மூச்சு விடட்டும்னு சொல்லிக் குடுப்பாங்க. அண்ணன் சொன்னாரு, "தம்பி, காலியா இருந்தா சரக்கு இல்லைன்னு அடுத்த கடைக்குப் போயிருவாங்க, கடைன்னா நெறைஞ்சு இருக்கணும்." யோசிச்சுப் பாத்தா அவரு சொல்றதுதான் சரி, கல்யாணத்துக்கு ஜோடி விளக்கு எடுக்க குடும்பமா வர்றவங்க முப்பதைப் பாத்துட்டுத்தான் ஒண்ண எடுப்பாங்க. அதுக்காக சரக்கக் குமிக்க வேணாம். தட்டோட ஆழத்தக் கொறைச்சா போதும், கண் மட்டத்துல 300 வேணாம், 200 போதும், ஒரே வரிசைல நெறைஞ்சு தெரியும், பின்னால தூசி புடிச்சு ஒளிஞ்சு கெடக்குற சரக்கும் இருக்காது. கீழ ஆழமான தட்டுக்குள்ள தனியா எடுத்து வைக்கிற மாதிரி மூணு படி, கொலு மாதிரியே, பின்னால நிக்கிறதும் தெரியும்.

நாச்சியார்கோயில் விளக்கு விஷயத்துல ஒரு வசதி இருக்கு, அதுவே மரை போட்டுக் கோக்குற சாமான், அடி தனி, தண்டு தனி, எண்ணெய்த் தட்டு தனி, உச்சியில பிரபை தனி. ஒரு அளவுக்கு ஒரு ஜோடியக் கோத்து மேல நிறுத்திட்டு மிச்சத்தைக் கழட்டி அதே பேவோட கீழ்த்தட்டுல வச்சா எடம் பாதிதான் புடிக்கும்.

தலையாட்டி பொம்மைக்கு மட்டும் தனி விதி. அது ஆடுனாத்தான் விக்கும், ஆட்டி விடுறது குழந்தைங்க, அதனால ரெண்டரை அடி உயரத்துல வைக்கணும், பெரியவங்க கண் மட்டத்துல வச்சு பிரயோஜனம் இல்ல. கீழ உருண்டையா இருக்குற ரகம் நகர்ந்து நகர்ந்து வரும், முன்னால முக்கால் இன்ச் விளிம்பு கட்டாயம். மேல தலை இடிக்காம எடம் விடுங்க.

லைட்டு பத்தி சுருக்கமா, 6500 கெல்வின் வெள்ளை லைட்டுல பித்தளை சோகை புடிச்ச மாதிரி வெளுத்துத் தெரியும், 3000 போடுங்க, பின்பலகை பளபளப்பில்லாத அரக்குக் கலர். எல்இடி பட்டைய தட்டோட முன் விளிம்புக்கு அடியில ஒளிச்சு வைங்க, வயருக்கு சொருகுற கனெக்டர், இல்லைன்னா தட்டை நகத்த எலக்ட்ரீசியனக் கூப்பிட வேண்டியிருக்கும், அப்புறம் ஸ்பேனர் இல்லாம செஞ்சு என்ன புண்ணியம்.

முன் வாசல் பக்கம் ஒரு பேவை மட்டும் சக்கரம் வச்சு செஞ்சிருக்கேன், பூட்டுற சக்கரம். 2016 மகாமகத்துக் கூட்டத்தப் பாத்தவரு அண்ணன், 2028க்கு இப்பவே யோசிக்கிறாரு, அன்னிக்கு உள்ள யாரும் நுழைய முடியாது, சின்ன விளக்கோட அந்த பேவைத் தள்ளி வாசல்லயே வித்துரலாம்னு. பிராக்கெட் பத்துக்கு ஒண்ணு கூடுதலா அடிச்சுக் குடுத்தாச்சு, ஸ்லாட் டிராயிங்கோட ஒரு காப்பி கல்லாப்பெட்டி மூடி உள்பக்கம் ஒட்டியிருக்கு, நாளைக்கு வேற பட்டறையில செஞ்சாலும் அதே கொக்கி அதே ஸ்லாட்டுல உக்காரணும்.